காவலரா, கேமராவா, காப்பீடா? ஒரு மண்டபத்துக்காக நாங்கள் பார்த்த கணக்கு

அம்பாசமுத்திரம் சாலையில், பத்தமடைக்குச் சற்று முன்னால், என் அக்காவுக்கும் அத்தானுக்கும் சின்னதாக ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. முந்நூறு பேர் உட்காரலாம். பின்னால் சமையலுக்கு ஆக்குப்புரை, பக்கத்தில் வண்டி நிறுத்த இடம், சாலையை ஒட்டி நூறு அடி நீளத்துக்குச் சுற்றுச்சுவர். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தாமிரபரணிக் கரையெங்கும் கொட்டித் தீர்த்த மழையில் அந்தச் சுவரில் ஒரு விரிசல் விழுந்தது. அடுத்த கோடையில் நான் போயிருந்தபோது அதில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைச் செருகிப் பார்த்தேன். முழுதாக உள்ளே போய்விட்டது. கொத்தனாரிடம் தூக்குக்குண்டு வாங்கித் தொங்கவிட்டோம். சுவரின் தலை, அடியைவிட நான்கு விரற்கடை சாலைப் பக்கமாகத் தள்ளி நின்றது. காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் பஸ்ஸுக்காக அந்தச் சுவரின் நிழலில்தான் நிற்கிறார்கள்.

அத்தான் என்னை அழைத்தது சுவருக்காக அல்ல. அதற்கு முந்தின முகூர்த்தத்தில் மணமகள் அறையிலிருந்து ஒரு கைப்பை காணாமல் போயிருந்தது. பெண் வீட்டார் மண்டபத்துக்காரர்தான் பொறுப்பு என்று வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டார்கள். நுகர்வோர் மன்றத்துக்குப் போவோம் என்றும் சொல்லியிருந்தார்கள். அத்தானுக்கு அது தாங்கவில்லை. மேசையில் விலைத்தாள்களைப் பரப்பி வைத்திருந்தார்: காவல் ஏஜென்சி ஒன்று, எட்டுக் கேமரா ஒன்று, காப்பீட்டு முகவர் கொடுத்தது ஒன்று. மண்டபத்தை ஆண்டுக் குத்தகைக்குக் கேட்டு ஒருவர் எழுதிக் கொடுத்த தாளும் அதில் இருந்தது. கையில் இருந்த தொகை இரண்டரை லட்சம். பொதுக் காப்பீட்டில் இழப்பீட்டுக் கோப்புகளைப் பார்த்தே என் வேலைக்காலம் கழிந்தது என்பதால், எதைத் தேர்ந்தெடுப்பது என்று கேட்டார். எங்களைப் போலச் சிறு மண்டபமோ, லாட்ஜோ, வளவு வீடுகளோ வைத்திருக்கும் எல்லாருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும் என்பதால் நாங்கள் யோசித்த விதத்தை எழுதுகிறேன்.

முதலில் சட்டம் எங்கே நிற்கிறது என்பதைப் பார்த்துவிடலாம். இங்கிலாந்தில் இடத்தை வைத்திருப்பவரின் பொறுப்புக்கு என்றே 1957-இல் தனிச் சட்டம் வந்துவிட்டது. நம் நாட்டில் அப்படி ஒன்று இல்லை. கவனக்குறைவுக்கு நட்டஈடு கேட்கும் உரிமையியல் வழக்கு, நுகர்வோர் சட்டம், குற்றவியல் சட்டம் என்று மூன்று வழியாக அந்தப் பொறுப்பு நம்மிடம் வந்து சேருகிறது. மண்டப வாடகை கொடுத்தவர் சேவைக் குறைபாடு என்று இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். அவர் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணமே இல்லை. உயிர் போய்விட்டால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 106-ஆம் பிரிவு வரும். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கவனக்குறைவால் மரணம் விளைவித்தால் அதிகபட்சம் 2 ஆண்டு சிறை. 2024 ஜூலை 1 முதல் அது 5 ஆண்டு.

எந்த வழியில் போனாலும் கேட்கப்படுவது ஏறக்குறைய ஒன்றுதான். இந்த ஆபத்து உங்களுக்குத் தெரியுமா, அல்லது தெரிந்திருக்க வேண்டுமா? தெரிந்த பிறகு என்ன செய்தீர்கள்? சாலையோரச் சுவருக்கு இதைவிடக் கடுமையான அளவுகோல். டெல்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து மூன்று பேர் இறந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1966-இல் தீர்ப்புச் சொன்னது. கூண்டுக்கு வயது 80. அதில் பூசியிருந்த காரையின் ஆயுளோ 40, 45 ஆண்டுகள்தான். பொதுவழியை ஒட்டி ஒரு கட்டுமானத்தை வைத்திருப்பவர் அதைப் பழுதாக விட்டு, அது விழுந்தால், பழுது வெளியே தெரிந்ததா மறைந்திருந்ததா என்ற பேச்சுக்கே இடமில்லை, அவர்தான் பொறுப்பு என்றது நீதிமன்றம். மறைந்த பழுதுக்கே இப்படி என்றால், நாணயம் நுழையும் விரிசலை வைத்துக்கொண்டு நாம் என்ன சொல்ல முடியும்?

2019 டிசம்பர் 2 அதிகாலையில் மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு தனியார் வீட்டுச் சுற்றுச்சுவர் விழுந்து 17 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். சுவருக்கு உரியவர் கைதானார். 2021 டிசம்பர் 17-இல் நம் திருநெல்வேலியிலேயே பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் போனார்கள். அந்தச் செய்தி வந்த நாள் எனக்கு இன்றும் நினைவில் இருக்கிறது. அன்று சாயங்காலம் தெருவில் எதிர்ப்பட்டவர்களில் பலருக்கு அதைப் பற்றிப் பேசவே வாய் வரவில்லை.

ஆகவே விலைத்தாள்களை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வெள்ளைத்தாளில் வேறு கணக்கு எழுதினோம். எங்கள் இடத்தில் யாருக்கு அடிபடலாம்? எத்தனை நாள்? மண்டபத்தில் ஆண்டுக்கு நாற்பது, நாற்பத்தைந்து முகூர்த்தம் நடக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் பூட்டித்தான் கிடக்கும். விருந்தினருக்கு நேரக்கூடிய ஆபத்து அந்த நாற்பது சொச்சம் நாள்களில்தான். சாலையில் போகிறவருக்கோ அந்தச் சுவரால் ஆண்டு முழுவதும் ஆபத்து. பூட்டிக் கிடக்கும் ராத்திரிகளில் உள்ளே நுழைகிறவர்கள் மூன்றாம் வகை. இந்த மூன்று வரியை எழுதிய பிறகு ஒவ்வொரு தாளுக்கும் என்ன மதிப்பு என்பது தானாகத் தெரிய ஆரம்பித்தது.

கேமராவில் தொடங்குகிறேன், எல்லாரும் முதலில் நினைப்பது அதைத்தான். எட்டுக் கேமராவுக்கு எங்களிடம் கேட்டது 58 ஆயிரம், ஒரே தடவைச் செலவு. வழக்கு என்று வந்தால் பதிவு உதவும் என்பது உண்மை. யார் உள்ளே வந்தார், எப்போது போனார் என்பது தெரியும். ஆனால் அது பின்னால் வருகிற உதவி. 2019 ஆகஸ்ட் 11 இரவு கடையம் பக்கம் கல்யாணிபுரத்தில், முகமூடி போட்டுக்கொண்டு அரிவாளோடு வந்த இருவரை ஒரு முதிய தம்பதி விரட்டியடித்ததை நாடே பார்த்தது. நமக்குக் காட்டியது கேமரா. அவர்களைக் காப்பாற்றியதோ கைக்கு அகப்பட்ட செருப்பும் பிளாஸ்டிக் நாற்காலியும், அந்த அம்மாவின் நெஞ்சுத் துணிவும்தான். கேமராவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. பின்வாசலில் அந்நியர்கள் அடிக்கடி நடமாடுவது மூன்று மாதமாகப் பதிவாகியும் நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்றால், ஆபத்து உங்களுக்குத் தெரியும் என்பதற்கு அந்தப் பதிவே சாட்சி. பார்க்க ஆள் இல்லாத கேமராவை விடப் போதிய விளக்கு மேல் என்பது என் கட்சி.

கைப்பை போன அறையை நேரில் போய்ப் பார்த்தேன். கதவை வெளியிலிருந்து தோளால் லேசாக இடித்தால் உள்தாழ்ப்பாள் கழன்று விழுகிறது. நான்கு திருகாணியில் இரண்டு இல்லை, மீதி இரண்டும் உளுத்த மரத்தில் ஆடிக்கொண்டிருந்தன. இதை மண்டபத்தைக் கூட்டும் அம்மா இரண்டு தடவை சொல்லியிருக்கிறார். அத்தானே அதை ஒப்புக்கொண்டார். எட்டுக் கேமரா இருந்திருந்தால் பை போகும் காட்சி எட்டுக் கோணத்தில் கிடைத்திருக்கும். முந்நூறு ரூபாய்த் தாழ்ப்பாள் இருந்திருந்தால் பை போயிருக்காது.

காவலர் விஷயத்தில் இரண்டு வழி. ஊரிலேயே ஒருவரை நேரடியாக வைத்துக்கொள்வது, அல்லது ஏஜென்சி மூலம் ஆள் எடுப்பது. இப்போது அங்கே இருப்பவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். டார்ச்சும் விசிலுமாக இருபது வருஷமாக இருக்கிறார். ஊரில் யார் யார் என்பது அவருக்கு அத்துப்படி. பூட்டிக் கிடக்கும் நாள்களுக்கு அவரைவிட நல்ல காவல் கிடைக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் முந்நூறு பேர் கூடுமிடத்தில் குடித்துவிட்டுச் சண்டை போடுகிறவரை அவரால் விலக்க முடியாது. போய் அடிபட்டால் பணியாளர் இழப்பீடு பற்றிய சட்டப்படி அவருக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஏஜென்சி இரண்டு ஆளுக்கு மாதம் 32 ஆயிரம் கேட்டது. வருஷத்துக்கு நான்கு லட்சத்தை நெருங்குகிறது. பெரும்பாலான நாள் பூட்டிக் கிடக்கும் இடத்துக்கு இது வீண். முகூர்த்த நாளுக்கு மட்டும் ஆள் அனுப்புவீர்களா என்று கேட்டோம், சம்மதித்தார்கள். ஏஜென்சி எடுப்பவர்கள் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். 2005-இன் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டப்படி உரிமம் இல்லாமல் யாரும் இந்தத் தொழில் நடத்தக் கூடாது. காவலராகச் சேருகிறவருக்கு வயது 18-க்கு மேல் 65-க்குள் இருக்க வேண்டும். மத்திய அரசின் 2006 மாதிரி விதிகள் 100 மணி நேர வகுப்பும் 60 மணி நேரக் களப்பயிற்சியும் சொல்கின்றன. சீருடை மாட்டி நிறுத்தியவருக்கு அந்தப் பயிற்சி இல்லை என்றால், காவல் வைத்தேன் என்ற வாதத்தில் பாதி போய்விடும். எங்களுக்கு வந்த முதல் ஏஜென்சி உரிம நகலைக் கேட்டதும் பிறகு கொண்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் போனது. வரவில்லை.

இடையில் அத்தானுக்கு ஒரு யோசனை வந்தது. சுவரின் மேல் கம்பி ஓட்டி ராத்திரி மட்டும் மின்சாரம் விட்டால் என்ன என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்று கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். களக்காடு, அம்பாசமுத்திரம் பக்கம் மலையடிவாரத் தோட்டங்களில் பன்றிக்கு வைத்த மின்வேலியில் மனிதர் சிக்கிச் சாவதை நாம் பார்க்கிறோம். பீகாரில் ஒருவர், அக்கம்பக்கத்தார் தம் கழிப்பறைக்கு வராமலிருக்க வழியில் மின்சாரக் கம்பியை இழுத்து வைத்தார். ஒரு பெண் தொட்டு இறந்தார். அனுமதியின்றி நுழைந்தவர்தானே என்ற வாதத்தை 1963-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை, தண்டனை நின்றது. அத்துமீறி வருகிறவருக்கு நாம் விருந்தோம்ப வேண்டியதில்லை. கொல்லும் பொறியை வைக்கும் உரிமை மட்டும் கிடையாது.

குத்தகைத் தாளைத்தான் அத்தான் மிகவும் விரும்பினார். ஆண்டுக்கு ஒரு தொகை வந்துவிடும், எது நடந்தாலும் குத்தகைக்காரரே பொறுப்பு என்று ஒரு வரி எழுதிக்கொள்ளலாம், நிம்மதி. பலர் இப்படித்தான் செய்கிறார்கள். அந்த வரி இரண்டு பேருக்குள் மட்டுமே செல்லும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. சுவர் விழுந்து அடிபடுகிற பிள்ளை அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடவில்லை. அதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர். பிறகு வேண்டுமானால் குத்தகைக்காரரிடம் கேட்டு வாங்கலாம், அவரிடம் இருந்தால். 1882-இன் சொத்து மாற்றுச் சட்டம் 108-ஆம் பிரிவில், தமக்குத் தெரிந்த, எடுப்பவருக்கு எளிதில் தெரியாத முக்கியமான பழுதைக் குத்தகைக்கு விடுகிறவர் சொல்லியாக வேண்டும் என்று இருக்கிறது. வீடு வாடகைக்கு விடுகிறவர்களும் கவனிக்க: தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டத்தின் அட்டவணையில் கட்டமைப்புச் செப்பனிடல் உரிமையாளர் தலையில்தான் இருக்கிறது. குத்தகையைத் தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. மண்டபத்தைச் சரிசெய்த பிறகு விட்டால் நல்ல வழிதான். சாய்ந்த சுவரோடு விட்டால் பொறுப்பு நம்மிடமே இருக்கும், கவனிக்கும் கை மட்டும் போய்விடும்.

வாசலில் தொங்கும் பலகையும் இந்த வகைதான். வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று எழுதியிருந்தது. டெல்லி தாஜ் மகால் ஹோட்டலில் சாவியைக் கொடுத்து நிறுத்தச் சொன்ன கார் திருட்டுப் போனது. வண்டிக்குக் கொடுத்த ரசீதுச் சீட்டில் சொந்தப் பொறுப்பு என்று அச்சடித்திருந்தும், 2019 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஹோட்டலைப் பொறுப்பாக்கியது. சாவியை வாங்கினால் வண்டியைக் காக்கும் கடமையும் கூடவே வருகிறது. உரிய கவனம் எடுத்ததைக் காட்டாமல் சீட்டைக் காட்டித் தப்ப முடியாது. விருந்தினர் தாமே நிறுத்திச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டால் நிலைமை வேறு. ஆகவே எங்கள் ஆள் இனிமேல் யாரிடமும் சாவி வாங்குவதில்லை என்று முடிவானது. இதற்குச் செலவு எதுவும் இல்லை.

காப்பீட்டை நான் எதிர்ப்பேன் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். எதிர்க்கவும் இல்லை. பொதுப் பொறுப்புப் பாலிசி என்பது, நம் இடத்தில் பிறருக்கு அடிபட்டாலோ பொருள் சேதமானாலோ நாம் சட்டப்படி கொடுக்க வேண்டிய தொகையையும் வழக்குச் செலவையும் ஏற்கிறது. ஒரு விபத்துக்கு இவ்வளவு, ஆண்டுக்கு இவ்வளவு என்று இரண்டு வரம்பு இருக்கும். இரண்டையும் பார்த்து வாங்க வேண்டும். கடைக்காரர் பாலிசியிலும் வீட்டுப் பாலிசியிலும் இது ஒரு பிரிவாகவே கிடைக்கிறது. 1991-இன் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் வேறு. அது அபாயகரமான பொருள்களைக் கையாளும் இடங்களுக்கானது, எங்களைப் போன்றவர்களைக் கட்டாயப்படுத்தாது. பிரீமியம் மற்றத் தாள்களோடு ஒப்பிட்டால் சிறியது. ஆனால் பாலிசியில், இடத்தை நல்ல நிலையில் வைத்திருக்க நியாயமான கவனம் எடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை இருக்கும். சட்டத்தைத் தெரிந்தே மீறியதால் வந்த இழப்பும், அபராதமும் அதில் சேராது. சிறைக்கும் எந்தப் பாலிசியும் ஆள் அனுப்பாது. பழுதை மறைத்துப் போட்ட பாலிசிகள் கடைசியில் என்ன ஆகும் என்பதை எத்தனையோ கோப்புகளில் பார்த்திருக்கிறேன். குடும்பமே நம்பிக்கொண்டிருந்த தாள் அன்றைக்கு வெறும் தாளாகிவிடும். விரிசலைச் சொல்லாமல் வாங்கினால் பணம் வீண். சொன்னால், முதலில் சுவரைச் சரிசெய்யுங்கள் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் சுவரிடம்தான் திரும்பி வர வேண்டியிருந்தது.

உரிமம் எல்லாம் சரியாக இருக்கிறதே என்று அக்கா கேட்டாள். பொதுக் கட்டட உரிமம், தீயணைப்புத் துறைச் சான்று எல்லாம் இருக்க வேண்டியவைதான். ஆனால் டெல்லி உபகார் திரையரங்கத் தீயில் (1997 ஜூன் 13, 59 பேர்) 2011-இல் உச்ச நீதிமன்றம் நட்டஈட்டைப் பிரித்தபோது, திரையரங்குக்காரருக்கு 85 விழுக்காடும் மின்வாரியத்துக்கு 15 விழுக்காடும் போட்டது. உரிமம் கொடுத்த அதிகாரிகளை நட்டஈட்டிலிருந்து விடுவித்துவிட்டது. அங்கே கூடுதல் இருக்கை போட்டு வெளியேறும் வழியை அடைத்திருந்தார்கள். இதைச் சொல்லிக்கொண்டே எங்கள் பந்தி மண்டபத்தின் பின்கதவைத் திறக்கப் போனேன். பூட்டு. சாவி ஆக்குப்புரைக்காரரிடம் இருந்தது. ஆக்குப்புரையில் 19 கிலோ சிலிண்டர்கள் ஆறு, அந்தக் கதவுக்கு எதிரிலேயே வரிசையாக நின்றன. நூற்றைம்பது பேர் மறுவீட்டுச் சொதிக்கு இலையில் உட்கார்ந்திருக்கும்போது அங்கே தீப்பிடித்தால் எல்லாரும் ஒரே வாசலில்தான் முட்டிக்கொள்ள வேண்டும். அக்கா அதற்குப் பிறகு உரிமத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

இரண்டரை லட்சத்தை இப்படிப் பிரித்தோம். சுவருக்கு ஒன்றே முக்கால். தாழ்ப்பாள்கள், வண்டி நிறுத்துமிடத்திலும் பின்பக்கத்திலும் விளக்குகள், உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் பின்கதவு, சிலிண்டர்களை வெளியே தள்ளி வைக்க ஒரு கூண்டு, பழைய கிணற்றுக்குக் கம்பி வலை, இதற்கெல்லாம் நாற்பதாயிரத்துக்குக் கொஞ்சம் மேல். மீதியில் பிரீமியமும், முகூர்த்த நாளுக்கு இரண்டு உரிமம் பெற்ற காவலரும். அவர்கள் கூலியை மண்டப வாடகையில் தனி வரியாகச் சேர்த்துவிட்டோம், யாரும் மறுக்கவில்லை. பெரியவர் அப்படியே தொடர்கிறார். கேமரா இரண்டு போதும், வாசலுக்கும் பின்பக்கத்துக்கும், அடுத்த ஆண்டு. லாட்ஜ் நடத்துகிறவருக்கு இந்த வரிசை அப்படியே பொருந்தாது. அங்கே ஆள் தினமும் தங்குவதால் காவலர் முன்னால் வர வேண்டும். பெண்கள் விடுதி என்றால் தேர்வே கிடையாது. 2014-இன் தமிழ்நாடு விடுதிகள் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் பதிவும், அதில் சொன்ன பாதுகாப்பும் கட்டாயம்.

சுவர் ஏன் சாய்ந்தது என்பதைக் கொத்தனார்தான் கண்டுபிடித்தார். வண்டி நிறுத்த இடத்தைச் சமப்படுத்த உள்பக்கம் இரண்டரை அடி சரள் கொட்டியிருந்தார்கள். வெறும் மறைப்புக்காகக் கட்டிய ஒற்றைச் சுவர் அன்றிலிருந்து மண்ணைத் தாங்கும் சுவராகிவிட்டது. மழைநீர் போக வழியில்லாமல் உள்ளே தேங்கி, மண்ணோடு சேர்ந்து தள்ளியிருக்கிறது. உங்கள் சுவரின் ஒரு பக்கம் தரை உயர்ந்திருந்தால் இன்றே போய் வெளிப்பக்கம் பாருங்கள்.

இடிக்கும்போதும் கவனம் வேண்டும். இடிப்பதிலும் செப்பனிடுவதிலும் உயிருக்கு ஆபத்து வராமல் பார்த்துக்கொள்ளாவிட்டால் அதற்கே பாரதிய நியாய சன்ஹிதாவில் தனியாக 290-ஆம் பிரிவு இருக்கிறது. சாலைப் பக்கம் பத்தடிக்குக் கயிறு கட்டி, பிள்ளைகளை எதிர்ப்பக்கம் நிற்கச் சொல்லி, பள்ளி விடுமுறையில் மேலிருந்து வரிவரியாகக் கல்லை எடுத்தார்கள். புதுச் சுவருக்குக் கருங்கல் அடித்தளம், ஐந்தடிக்கு ஒரு துளை, துளைக்குப் பின்னால் உடைகல் நிரப்பல்.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த ராத்திரி அக்கா போனில் பதறினாள். சுவரின் துளைகளிலிருந்து செந்தண்ணீர் சாலையில் கொட்டுகிறது, சுவர் போய்விடுமா என்று கேட்டாள். எல்லாத் துளையிலும் வருகிறதா என்று கேட்டேன். பெரியவர் டார்ச் அடித்துக்கொண்டே ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு வந்தார். பத்தொன்பதில் பதினெட்டில் வருகிறது என்றார். அடைத்துக்கொண்ட ஒன்றைக் காலையில் கம்பி விட்டுக் குத்தச் சொல்லிவிட்டுப் படுத்தேன்.